ஊர்ப் பேச்சு திட்டமான கதை

1947 டிசம்பர். நாடு விடுதலை அடைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டெல்லியில் அரசியல் சட்டம் எழுதும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு குறை காந்தியின் காதுக்கு வந்தது. உருவாகிவரும் சட்டத்தில் கிராமப் பஞ்சாயத்து என்ற பேச்சே இல்லையாம். டிசம்பர் 21ஆம் தேதியிட்ட 'ஹரிஜன்' இதழில் அவர் அதைப் பற்றி எழுதினார். அப்படி விடுபட்டிருந்தால் உடனே சரிசெய்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. எப்படிச் சரிசெய்வது என்று விரித்துச் சொல்ல அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதற்கு நாற்பதாவது நாள், பிர்லா மாளிகைத் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது.

1948 பிப்ரவரியில் வரைவு வெளியானது. அதிலும் கிராமம் இல்லை. அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கே மனம் ஒப்பவில்லை. மே மாதத்தில் சபையின் சட்ட ஆலோசகர் பி.என்.ராவுக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தைக் கிராமத்திலிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போக முடியாதா என்பதே அவர் கேட்டது. நேரடித் தேர்தல் என்று சபை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, இனி அடித்தளத்தை மாற்றுவது கடினம் என்று ராவிடமிருந்து பதில் வந்தது. தலைவரின் ஆசைக்கே கதவு அடைபட்டபோது, அதைவிடப் பலமான பூட்டு ஒன்று நவம்பரில் விழுந்தது.

நவம்பர் 4ஆம் தேதி வரைவைச் சபையில் தாக்கல் செய்து பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் கைவிட்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் அது என்பது அவருடைய மதிப்பீடு. சட்டத்தின் அலகு தனிமனிதர்தான், கிராமம் இல்லை என்று அறுதியிட்டுச் சொன்னார். சபையில் பலர் கொதித்தார்கள். ஆனால் இந்தக் கதையில் அம்பேத்கரை எதிராளியாக நிறுத்துவது பெரும் பிழை. கிராமத்தை அவர் சேரிப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் சேர்த்தி, யாரெல்லாம் வெளியே என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சபையில் அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பது ஐம்பது ஆண்டு கழித்து மதுரைப் பக்கத்தில் ரத்தத்தால் எழுதப்பட இருந்தது.

பதினெட்டு நாள் கழித்து, நவம்பர் 22 அன்று, தமிழர் ஒருவர் எழுந்தார். பெயர் கே.சந்தானம். பின்னாளில் ஊழல் ஒழிப்புக்கான 'சந்தானம் குழு' என்று நாடு முழுக்கப் பேசப்பட்டவர் இவர்தான். அவர் கொண்டுவந்த திருத்தம் மிகச் சிறியது. கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கவும், அவை சுயாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரத்தை வழங்கவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் தங்குதூரி பிரகாசம் அதை ஆதரித்துப் பேசினார். சபையே அம்பேத்கரின் முகத்தைப் பார்த்தது. திருத்தத்தை ஏற்றுக்கொள்வதாக அவர் அறிவித்தார்.

அப்படிப் பிறந்ததுதான் இன்றைய 40ஆவது பிரிவு. ஆனால் அது போய் உட்கார்ந்த இடம் வழிகாட்டு நெறிகள் அத்தியாயம். அங்கே இருக்கும் எதையும் நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றத்தின் படியேற முடியாது. அடுத்த நாற்பது ஆண்டுக்கு அந்த வாக்கியம் மரியாதையோடு வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஊரைப் பேசவிடும் முயற்சி சட்டப் புத்தகத்துக்கு வெளியே, சற்றும் எதிர்பாராத ஒருவரின் கையால் தொடங்கியிருந்தது.

அவர் ஆல்பர்ட் மேயர், நியூயார்க் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்து விமானத் தளங்கள் அமைத்தவர். 1945இல் நேருவைச் சந்தித்தார். ஊருக்குப் போனவரை நேரு திரும்ப வரவழைத்தார். 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், மஹேவாவைச் சுற்றி 64 கிராமங்களில் சோதனை முயற்சி ஆரம்பமானது. என்ன தேவை என்பதை முதலில் ஊர்க்காரர்களிடமே கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதிலிருந்துதான் வேலை தொடங்க வேண்டும் என்பது மேயர் வகுத்த வழி. விளைச்சல் கூடியது; சாலை வந்தது; பேச்சு நாடெங்கும் பரவியது. இதே மேயர்தான் சண்டிகர் நகரத்துக்கு முதல் வரைபடம் போட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளி நொவிக்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோக, அந்தப் பணி லெ கார்புசியே கைக்கு மாறியது. சண்டிகர் கைநழுவியது போலவே எட்டாவாவும் மேயரின் கையைவிட்டுப் போக இருந்தது.

1952 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்தநாளில், சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியது. எட்டாவாவில் கற்ற பாடம் நாடு தழுவிய பாடமாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் வேகம் எல்லாவற்றையும் விழுங்கியது. இலக்கு டெல்லியில் தயாரானது, மாநிலம் அதைப் பிரித்துக் கொடுத்தது, வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ. ஜீப்பில் வந்து இறங்கினார். ஊர்க்காரர்கள் மாலை போட்டு வரவேற்று, சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சிரமதானத்தில் மண் சுமந்தார்கள். கேட்கவேண்டியவர்கள் சொன்னார்கள், சொல்லவேண்டியவர்கள் கேட்டார்கள். ஐந்தே ஆண்டில் அரசுக்கே சந்தேகம் வந்து, 1957இல் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நவம்பரில் வந்த அறிக்கை, மக்களின் பங்கேற்பு இதில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது.

மூன்று அடுக்குப் பஞ்சாயத்து வேண்டும் என்றார் மேத்தா. 1959 அக்டோபர் 2இல் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். காமராஜர் ஆண்ட சென்னை மாநிலம் அதற்கு முன்பே, 1958இல், தன் பஞ்சாயத்துச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 370க்கும் மேற்பட்ட ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. பள்ளிக்கூடம், கிணறு, மண்சாலை என்று கண்ணுக்குத் தெரியும் வேலை நிறையவே நடந்தது. சட்டத்தின் கை சமவெளியைத் தொட்ட பிறகு மலையேறியது. அங்கே அதற்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது.

அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை அது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் பெயரோடு ஒட்டிய மலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் மலையை ஏற்கெனவே 'நாடு'களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு என்று நீளும் வரிசை அது. நிலத் தகராறோ கோயில் நோன்போ கல்யாண வழக்கோ, எதுவானாலும் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கூடிப் பேசித் தீர்க்கும் மரபு அங்கே வேர்விட்டிருந்தது. அரசு தன் ஊராட்சிகளை அந்த நாடுகளின் பெயரிலேயே அமைத்தது. இன்றும் கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் நாடுகள்தான். புதிய சட்டமும் பழைய கூட்டமும் கைகோத்திருந்தால் அப்போதே ஒரு பெரிய காரியம் நடந்திருக்கும். ஆனால் பெயரை எடுத்துக்கொண்ட சட்டம் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கூட்டத்திலும் தலைமை ஆண்களிடமே இருந்தது. மலைக்கு எது வேண்டும் என்ற பட்டியல் மலைக்குக் கீழேதான் தயாரானது. அந்தப் பட்டியலில் பேரம் பேசக்கூட ஆள் இல்லாத காலம் ஒன்று அடுத்து வந்தது.

1970இல் தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986இல். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை வாக்களிக்கும் வயதை எட்டி, பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் என்னவென்றே பார்க்காமல் பிள்ளை குட்டி பெற்றுவிட்டது. நாட்டின் மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். சந்தானத்தின் வாக்கியம் செத்தே போய்விட்டது என்று பலர் கைகழுவினார்கள். அதே ஆண்டுகளில், அரசியலோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆங்கிலேயர் வேறொரு கேள்வியோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

ராபர்ட் சேம்பர்ஸ் அவர் பெயர். கிராமங்களை ஆராய்வது அவர் தொழில். 1983இல் வெளியிட்ட நூலில் தன் தொழிலையே அவர் கூண்டில் ஏற்றினார். நிபுணர்கள் தார்ச்சாலை போகும் ஊர்களுக்கு மட்டும் போகிறார்கள், மழைக்காலத்தில் போவதில்லை, தலைவரைப் பார்க்கிறார்கள், ஆண்களிடம் பேசுகிறார்கள், இருட்டுமுன் திரும்பிவிடுகிறார்கள். சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் வறுமை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. அதற்குப் பிறகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தால்தான் எட்டக்கூடிய சிற்றூர்கள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊர்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற குற்றச்சாட்டு அது. குற்றத்தைக் கண்டுபிடித்தாயிற்று, பரிகாரம் மட்டும் பிடிபடவில்லை.

1985இல் தாய்லாந்தின் கோன் கேன் நகரில் ஆய்வாளர்கள் கூடி, விரைவாக ஊரைப் புரிந்துகொள்ளும் முறைகளைப் பற்றிப் பேசினார்கள். அப்போதும் குறிப்பேடு ஆய்வாளர் கையில்தான் இருந்தது. 1988 வாக்கில் கென்யாவிலும் குஜராத்திலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு சேம்பர்ஸ் ஹைதராபாத்தில் உள்ள நிர்வாகப் பணியாளர் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். கர்நாடகத்தில் 'மைராடா' போன்ற தொண்டு நிறுவனங்கள் அந்தத் திருப்பத்தை ஊர் ஊராகச் சோதித்துப் பார்த்தன. செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. கையிலிருந்த குச்சியை ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டு, நிபுணர்கள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

எழுத்தறியாதவர்களுக்கு வரைபடம் புரியாது என்பதுதான் அதுவரை எல்லோரும் நம்பியது. அந்த நம்பிக்கை கோயில் வாசலிலும் களத்துமேட்டிலும் தகர்ந்தது. யாரோ ஒருவர் தரையைக் கூட்டிவிடுவார். இன்னொருவர் கோலமாவால் தெருவை இழுப்பார். வீட்டுக்கு ஒரு கல். கிணற்றுக்கு ஒரு இலை. வறண்ட கிணற்றுக்குக் காய்ந்த இலை. விதவையின் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பள்ளிக்குப் போகாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு நிறத்தில் ஒரு விதை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாட்டி குறுக்கே புகுந்து, ஓடை அங்கே திரும்பாது, இங்கே திரும்பும் என்று காலால் அழித்துவிட்டுத் திருத்துவார். ஒருவர் தவறாக வைத்த கல்லை நாலு பேர் கூச்சலிட்டு நகர்த்துவார்கள். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கியும் கிடைக்காத விவரம் இரண்டு மணி நேரத்தில் தரையில் விரிந்து கிடந்தது. அதில் பொய் சொல்வது கடினம், ஏனென்றால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மார்கழி வாசலில் தினமும் புள்ளி வைத்துப் பழகிய கைகளுக்குள் ஒரு நிலவரைபடக் கலைஞர் இருந்திருக்கிறார் என்பது நிபுணர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. கிராமத்தின் திட்டத்தை எழுதக் கருவி கிடைத்துவிட்டது. ஆனால் கோலமாவில் போட்ட படத்தை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்க்காது. அதற்குச் சட்டத்தின் முத்திரை வேண்டும். சட்டமோ டெல்லியில் மறுபடி மறுபடி தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

1989 மே மாதம் ராஜீவ் காந்தி பஞ்சாயத்துகளுக்காக 64ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. அக்டோபரில் மாநிலங்களவையில் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் சொற்ப வாக்குகளில் தோற்றது. 1990இல் வி.பி.சிங் அரசு இன்னொரு மசோதாவை வைத்தது. அரசே கவிழ்ந்தது, மசோதாவும் போனது. 1991இல் ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். செப்டம்பரில் நரசிம்ம ராவ் அரசு மூன்றாவது முறையாக முயன்றது. நாதுராம் மிர்தா தலைமையிலான கூட்டுக் குழு ஆராய்ந்து முடித்து, வாக்கெடுப்புக்கு 1992 டிசம்பர் என்று முடிவானது. அந்த மாதம் 6ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது.

நாடு பற்றியெரிந்தது. நாடாளுமன்றம் நாள்கணக்கில் அமளியில் முடங்கியது. அந்தக் களேபரத்துக்கு நடுவில், டிசம்பர் 22 அன்று மக்களவையும் 23 அன்று மாநிலங்களவையும் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றின. பத்திரிகைகளின் தலைப்புச் செய்தி முழுக்க வேறெங்கோ இருந்தது. 1993 ஏப்ரல் 24இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் சேர்ந்த ஊர்க்கூட்டத்துக்கு முதல்முறையாக அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது. சந்தானம் எழுந்து நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் நாற்பத்து நான்கு ஆண்டு. மாநிலங்கள் தங்கள் சட்டங்களை மாற்றிக்கொள்ள ஓராண்டு கெடு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் புதிய ஊராட்சிகள் சட்டம் 1994 ஏப்ரல் 22இல் நடைமுறைக்கு வந்தபோது, கெடு முடிய இரண்டே நாள் பாக்கி இருந்தது.

1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அப்போதுதான் அம்பேத்கரின் அச்சம் கண்முன்னே உயிர்பெற்றது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தடைகளைத் தாண்டி வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து ஆறு பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் பத்து ஆண்டு ஒழுங்கான தேர்தலே நடத்தமுடியவில்லை, 2006இல்தான் நடந்தது. ஊர் கூடுகிறது என்பதால் மட்டும் ஊர் முழுக்கக் கூடிவிட்டது என்றாகாது. வட்டத்தில் யார் உட்காரலாம் என்பதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ரத்தம் சிந்துவதற்கு முன்பே, பழங்குடி மலைகளுக்கென்று டெல்லியில் தயாரான ஒரு சட்டம் கொல்லிமலையைத் தாண்டிப் போயிருந்தது.

1996 டிசம்பரில் வந்த அந்தச் சட்டம், பழங்குடிப் பகுதிகளில் ஊர்க்கூட்டத்துக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதல் அதிகாரம் தந்தது. நிலம் எடுக்கும்முன் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். ஊரின் திட்டத்துக்கு அது ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு சிற்றூரும் தனித்தனியே கூடலாம். மலைவாழ் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் கிடையாது. ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. சுமார் 40,000 பேர் வாழும் கொல்லிமலையில் மிகப் பெரும்பான்மையினர் பழங்குடியினர். ஆனாலும் அந்த உரிமை அவர்களுக்கு இல்லை. இது பெரிய அநியாயம். எவரும் தெருவில் இறங்காததால் அநியாயம் இல்லை என்றாகிவிடாது. அண்டை மாநிலத்திலோ அதே 1996இல் எல்லாம் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17, மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் மாத முதல் நாள். கேரளம் 'மக்கள் திட்டம்' என்ற இயக்கத்தை அறிவித்தது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் தூக்கிக் கொடுத்து, முதலில் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டம் எழுதுங்கள் என்றது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்டதுதான் அங்கே நடந்த அற்புதம். வெறும் கருத்து கேட்டால் ஊர் பத்து பேரை அனுப்பும். கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் சண்டை போடவாவது வரும். கோலமாவு வரைபடம், சட்டம், பணம் மூன்றும் முதல்முறையாக ஒரே வட்டத்தில் வந்து சேர்ந்தன. அந்த வட்டம் எவ்வளவு பலமானது என்பதை ஒடிசாவின் மலையொன்று நாட்டுக்கே காட்டியது.

கொல்லிமலையின் வயிற்றில் பாக்சைட் இருந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அங்கிருந்து தாது வெட்டி இறக்கப்பட்டது. மலை உச்சியில் பள்ளம் மிஞ்சியது. வெட்டலாமா என்று மலைக்காரர்களை உட்காரவைத்துக் கேட்ட ஒரு கூட்டத்தின் முடிவில் அது தொடங்கவில்லை. அதே பாக்சைட் ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் இருந்தது. இடையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்திருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மலையைத் தெய்வமாகக் கும்பிடும் டோங்ரியா கொந்த் மக்களின் ஊர்க்கூட்டங்களே இதைப் பேசட்டும் என்றது. நீதிபதி ஒருவர் முன்னிலையில் 12 சிற்றூர்கள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அங்கே வேதாந்தா நிறுவனம் போட்டிருந்த சுரங்கத் திட்டம் நின்றது. கொல்லிமலைக்கும் அந்த வன உரிமைச் சட்டம் பொருந்தும். சிற்றூர் அளவில் கூடும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டிலோ உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழி திறந்தது. மலை இப்படிக் காத்துக்கிடந்தபோது, பெரும்பணம் ஒன்று கதவைத் தட்டியது.

14ஆவது நிதிக்குழு, 2015 முதல் 2020 வரையிலான ஐந்தாண்டுக்குக் கிராம ஊராட்சிகளுக்கு 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கியது. அதையொட்டி ஒன்றிய அரசு ஒரு நிபந்தனையை முன்வைத்தது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் ஊரைக் கூட்டி, குறைகளை வரிசைப்படுத்தி, தனக்கான வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டும். 2018 அக்டோபர் 2 முதல் டிசம்பர் இறுதி வரை நாடெங்கும் அதற்கென்றே ஓர் இயக்கம் நடந்தது. எட்டாவாவின் கேள்வி, சந்தானத்தின் வாக்கியம், கோலமாவு வரைபடம், கேரளத்தின் அனுபவம் என்று எழுபது ஆண்டாகத் தனித்தனியே ஓடிய ஓடைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்த இடம் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தலைவர்கள் யாரும் இல்லை.

2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்பது அந்த வழக்கில் எழுந்த முக்கியமான வாதங்களில் ஒன்று. மூன்று ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். மக்களின் திட்டம் பிறந்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. 2019 டிசம்பர் இறுதியில்தான் நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. பாதி இடங்கள் பெண்களுக்கு. கொல்லிமலையின் நாடுகளிலும் பெண்கள் தலைமையில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று மாதத்தில் கொரோனா வந்தது, கூட்டங்கள் நின்றன.

நோய் அடங்கிய பின், 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தேர்ந்தெடுத்த ஊர் பாப்பாபட்டி. பத்தாண்டு தேர்தல் நடக்காத அதே பாப்பாபட்டி. 2022 முதல் ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் ஆறாயின. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொல்லிமலையின் செம்மேட்டுப் பக்கம் பள்ளிக்கூட வளாகத்திலும் சமுதாயக் கூடத்திலும் சாமியானா போட்டு, மைக் கட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்தைப் புரட்டும் அந்தக் கிராம சபைதான் இத்தனை தூரம் நடந்து வந்த பொருள். அங்கே ஒப்புதல் பெறும் 'கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்' என்ற கோப்புதான் அதன் பிள்ளை. அக்டோபர் 2 வந்தால் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு என்று பலர் கடந்துபோகும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் தோற்ற மசோதாக்களும் ஒரு பேருந்தில் சிந்திய ரத்தமும் இருக்கின்றன.

கொல்லிமலையில் அந்தக் கோப்பு இன்னும் முழுதாக வளரவில்லை. ஒரு நாட்டுக்குள் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மிளகுக் கொடிக்கும் காபிச் செடிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் நடந்து வந்தால்தான் கிராம சபை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்கிறது தமிழ்நாட்டு விதி. கூலியை விட்டுவிட்டு வரவேண்டிய பெண்ணுக்கு அந்த நடை எளிதல்ல. சாமையும் தினையும் அருகிப்போய் மரவள்ளி பரவியதையும், எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது என்பதையும், பிரசவ வலி எடுத்தவரை எந்தப் பாதையில் தூக்கிவர வேண்டியிருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் வராத கூட்டத்தில் சாலையும் தெருவிளக்கும் மட்டுமே பட்டியலில் ஏறும். ஆகவே கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு சிற்றூரும் தன் திண்ணையில் தனியே கூடி, தன் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஊராட்சி அதைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே சேர்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கூடிப் பேசுவதற்குக் கொல்லிமலைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் தேவையில்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, 2019 தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம சபைக்கு மட்டும் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும்வரை ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.